ஒன்றரை நிமிடம் எண்ணிவிட்டு நின்றுபோகும் கணினி

கேள்வி: பாகான் நக்கோடா ஓமாரில் இருக்கிறேன். வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்றதும் மகன் அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். இப்போது அவன் ஜொகூரில் வேலை செய்கிறான். போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பியை வைத்து எஸ்எஸ்டி ஒன்று போட்டேன். லினக்ஸ் இருந்த ஹார்ட் டிஸ்க்கை அதற்குக் குளோன் செய்தோம். படங்கள் இருந்த இரண்டாவது டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது. அதனால் பழையது இரண்டையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டோம். ரேமும் ஒன்று கூட்டினோம். இப்போது மின்ட் சின்னம் வருகிறது. பிறகு கறுப்புத் திரையில் ஒன்றரை நிமிடம் ஏதோ எண்ணிவிட்டு ‘எமர்ஜென்சி மோட்’ என்று நின்றுவிடுகிறது. கடையில் காட்டினால், பார்மட் செய்தால்தான் சரியாகும் என்கிறார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆண்டுக் கூட்டமும் வருகிறது. என்ன செய்வது?

பதில்: பார்மட் செய்ய விடாதீர்கள். உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கிறது, லினக்ஸும் பத்திரமாகத்தான் இருக்கிறது. கணினி ஏறக்குறைய முழுவதும் எழுந்துவிட்டு, கழற்றிவைத்த ஒரு டிஸ்க்கைத் தேடிக்கொண்டு நிற்கிறது. இதைத் தெரிந்துகொள்ள நான் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ‘ஒன்றரை நிமிடம் எண்ணுகிறது’ என்று எழுதினீர்களே, அதுவே போதும்.

லினக்ஸ் எழும்போது ‘ஈடிசி’ என்ற அடைவிலுள்ள ‘எஃப்எஸ்டேப்’ கோப்பைப் படிக்கும். எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைக்க வேண்டும் என்ற பட்டியல் அது. படங்கள் இருந்த டிஸ்க் தானாகவே இணையட்டும் என்று உங்கள் மகன் அதில் ஒரு வரி சேர்த்திருப்பார். டிஸ்க்கைக் கழற்றினீர்கள், வரியை யாரும் எடுக்கவில்லை. வேலைகளை வரிசையாகத் தொடங்கிவைக்கும் ‘சிஸ்டம்டி’ நிரல் அந்த டிஸ்க் வரும் என்று 90 நொடி காத்திருக்கும். வராவிட்டால் மேற்கொண்டு போகாமல் எமர்ஜென்சி மோடில் நிறுத்திவிடும். கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்ட ஒன்று இல்லாதபோது நிற்பதுதான் முறை. பழுது என்று இதைச் சொல்ல முடியாது.

அந்தக் கறுப்புத் திரையிலேயே இதைச் சரிசெய்யலாம். கடைசி வரியில், பராமரிப்புக்கு என்டரை அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் இருக்கும். மின்ட்டில் ரூட் கணக்குக்குத் தனிக் கடவுச்சொல் வைக்கும் வழக்கம் இல்லை, ஆகவே என்டரைத் தட்டினாலே # குறியோடு கட்டளை வரி வந்துவிடும். நேனோ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பாதையைக் கொடுங்கள்: சாய்கோடு, ஈடிசி, சாய்கோடு, எஃப்எஸ்டேப். எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்துகள்.

திறந்தவுடன் யூயூஐடி என்று தொடங்கும் நாலைந்து வரிகள் தெரியும். இங்கே அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் படியுங்கள். இரண்டாவது பத்தியில் வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரி உங்கள் லினக்ஸ் குடியிருக்கும் பார்ட்டிஷன். அதில் கை வைக்க வேண்டாம். ‘பூட், ஈஎஃப்ஐ’ என்று வரும் வரியும் அப்படியே இருக்கட்டும். ‘மீடியா’ அல்லது ‘எம்என்டி’ என்று தொடங்கும் பாதை இருக்கிறதே, அதுதான் அலமாரியில் இருக்கும் டிஸ்க். எண்ணின் நீளத்தைப் பார்த்தும் ஓரளவு அடையாளம் காணலாம். நடுநடுவே கோடு போட்ட 32 எழுத்து எண் என்றால் லினக்ஸ் பார்ட்டிஷன், 16 எழுத்து என்றால் விண்டோஸ் காலத்து என்டிஎஃப்எஸ், எட்டே எழுத்து என்றால் ஈஎஃப்ஐ அல்லது பெண்டிரைவ் வகை.

அந்த வரியின் தலையில் ஒரு # போடுங்கள். அழிக்க வேண்டாம், # போட்டால் லினக்ஸ் அதைக் குறிப்பு என்று எண்ணித் தாண்டிவிடும். கண்ட்ரோலோடு ஓ, பிறகு என்டர், பிறகு கண்ட்ரோலோடு எக்ஸ். ரீபூட் என்று அடித்தால் பழையபடி மின்ட் திரை வரவேண்டும்.

மகன் வந்து வேறு டிஸ்க் மாட்டும்போது நான்காவது பத்தியில் ‘டிஃபால்ட்ஸ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் ‘நோஃபெயில்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். டிஸ்க் இருந்தால் இணையும், இல்லாவிட்டால் கணினி பாட்டுக்கு எழும். படங்கள், பாட்டுகள் வைக்கும் டிஸ்க்குக்கெல்லாம் இந்தச் சொல்லை முதலிலேயே போட்டுவிடுவது என் வழக்கம். ஸ்வாப் பார்ட்டிஷன் காணாமல் போனாலும் இதே 90 நொடி காத்திருப்பு உண்டு. ஆனால் அப்போது தாமதமானாலும் கணினி எழுந்துவிடும், எமர்ஜென்சி மோடுக்குப் போகாது.

டிஸ்க்குக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று எளிதான பெயர்கள் இருக்கும்போது இத்தனை நீள எண் எதற்கு என்று கேட்பீர்கள். எஸ்டிஏ என்பது வரிசையில் நிற்கும் இடம். யூயூஐடி அடையாள அட்டை எண். கேபிளை மாற்றிச் செருகினால் எஸ்டிஏ எஸ்டிபி ஆகிவிடும். அடையாள எண் மாறாது. மாறாதது நல்லதுதான், ஆனால் குளோன் செய்தவர்களுக்கு அதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. குளோன் செய்யும்போது இந்த எண்ணும் சேர்ந்தே போகும். ஒரே எண்ணோடு இரண்டு டிஸ்க் ஒரே பெட்டியில் இருந்தால் லினக்ஸ் எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எஸ்எஸ்டியில் வேலை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பழைய டிஸ்க்கிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆகவே பழையதையும் புதியதையும் ஒன்றாக மாட்டாதீர்கள்.

ஒரு விதத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். அலமாரியில் இருக்கும் அந்த முதல் டிஸ்க், போன வாரம் வரைக்குமான உங்கள் கணக்கின் முழுப் பிரதி. எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு பழையது இரண்டையும் மாட்டினால் கணினி முன்பு போலவே எழும், கூட்டத்துக்கு வேண்டிய கணக்கை அச்சடித்துக்கொள்ளலாம். கரகரக்கும் இரண்டாவது டிஸ்க் மட்டும் வேறு கதை. அந்தச் சத்தம் வந்தபிறகு அதற்கு எத்தனை மணி நேரம் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. மாட்டினால் வேறு வேலை பார்க்காமல், வேண்டிய படங்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

வன்பொருளை மாற்றியபின் லினக்ஸ் எழவில்லை என்று எழுதும் மற்ற வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்பதில்லை. நல்ல நிலையில் இருக்கும் பெட்டியைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸுக்கு வந்தவர்கள் அடுத்துச் செய்வது எஸ்எஸ்டி, ரேம் போடுவது. கேள்விகளும் அங்கிருந்துதான் வருகின்றன. ‘ஓப்பன் ஆகவில்லை’ என்று மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல கோளாறுகளுக்கு மருந்து அந்தப் படத்திலேயே இருக்கும்.

மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை, தயாரிப்பாளர் சின்னம்கூட வரவில்லை என்றால் லினக்ஸை மறந்துவிடுங்கள். அது இன்னும் மேடைக்கே வரவில்லை. புதிதாகக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டின் துளையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடக்கிறது. அடுத்தது ரேம். மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து, பவர் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, ரேமைக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். பாகான், சுங்கை பெசார், செகிஞ்சான் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று கூடுதல் தொல்லை. வருடக்கணக்கில் அசையாமல் இருந்த ரேமின் தங்கநிறப் பற்களில் மங்கல் படிந்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். மடிக்கணினிக்கு ரேம் வாங்குபவர்கள் டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-லுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். வெட்டு ஒரே இடத்தில்தான் இருக்கும், மாட்டினால் உட்கார்ந்துவிடும். ஆனால் 1.35 வோல்ட் மட்டுமே தரும் மடிக்கணினியில் பழைய வகை வேலை செய்யாது.

ரேம் பாதி கெட்டிருந்தால் இன்னும் மோசம். ஒரு நாள் எழும், மறுநாள் பாதியில் உறைந்துவிடும், கோப்புகள் சிதையும். பழி லினக்ஸ் மேல் விழும். லினக்ஸ் லைவ் யூஎஸ்பியின் முதல் மெனுவில் பெரும்பாலும் மெம்டெஸ்ட் இருக்கும், அதை இரவு முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேள்வி கேட்டவரும் புது ரேமுக்கு இதைச் செய்துவிடுவது நல்லது.

தயாரிப்பாளர் சின்னம் வருகிறது, பிறகு ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறது. இதற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் பயாஸ் திரையில்தான் தேட வேண்டும். டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். எம்.2 துளையில் எஸ்எஸ்டி போட்டதும் பழைய சாட்டா டிஸ்க் மாயமாகிவிட்டது என்பது ஒரு வகை. பல மதர்போர்டுகளில் எம்.2 துளையும் ஏதோ ஒரு சாட்டா துளையும் ஒரே பாதையைப் பங்குபோடும், ஒன்று நிறைந்தால் மற்றது அணைந்துவிடும். கேபிளை வேறு சாட்டா துளைக்கு மாற்றினாலே டிஸ்க் திரும்ப வந்துவிடும். எம்.2 எஸ்எஸ்டியிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இனம். பார்க்க ஒன்று போலவே இருக்கும், எல்லாத் துளையும் இரண்டையும் ஏற்காது. இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கும் முன் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க்கின் பெயர் தெரிகிறது, ஆனாலும் எழவில்லை என்றால் மூன்று வோல்ட் பட்டன் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். சிஆர்2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும். அது தீர்ந்தாலும் சரி, யாராவது பயாஸை ரீசெட் செய்தாலும் சரி, அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். கணினியின் தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால் இதுதான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் பிற்பகல் இடிமழைக்குப் பயந்து வாரக்கணக்கில் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் வீடுகளில் இந்தப் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும். பிளக் செருகியிருக்கும் வரை அது பெரும்பாலும் செலவாகாது. இடிக்குப் பிடுங்குவதை நிறுத்த வேண்டாம், சில வெள்ளி பேட்டரிதானே, மாற்றிவிடுங்கள். தொழிற்சாலை நிலையில் சிக்கல் தருவது சாட்டா அல்லது சேமிப்பக முறை. ஏஎச்சிஐ என்று இருந்தது ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று மாறியிருந்தால் பல கணினிகளில் என்விஎம்இ டிஸ்க்கே லினக்ஸின் கண்ணுக்குத் தெரியாது. ஏஎச்சிஐக்குத் திருப்பிவைத்தால் போதும். அதே டிஸ்க்கில் விண்டோஸும் இருந்தால் மட்டும் பொறுங்கள். முறையை மாற்றினால் லினக்ஸ் எழும், விண்டோஸ் நீலத்திரை காட்டும்.

மதர்போர்டையே மாற்றியவர்களுக்கு வேறு காரணம். யூஈஎஃப்ஐ முறையில் எந்த டிஸ்க்கில் எந்தக் கோப்பைத் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு டிஸ்க்கில் இருப்பதில்லை, மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். போர்டு மாறினால் குறிப்பும் போய்விடும். லினக்ஸ் மின்ட் லைவ் யூஎஸ்பியில் எழுந்து, நிர்வாகப் பிரிவிலுள்ள ‘பூட் ரிப்பேர்’ கருவியை ஓட்டினால் குறிப்பு மறுபடி எழுதப்படும். ஆனால் யூஎஸ்பியையும் யூஈஎஃப்ஐ முறையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு கருவி சரியில்லை என்பார்கள்.

டிஸ்க் அந்தக் காலத்து பயாஸ் முறையில் நிறுவப்பட்டிருந்தால் புதிய போர்டில் எழவே எழாமல் போகலாம். இன்டெல் 2017-லேயே, 2020-க்குள் பழைய பயாஸ் ஆதரவைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. இந்த இடத்தில் என் கருத்து மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். மணிக்கணக்கில் மாற்றிக்கொண்டு உட்காராமல், ஹோம் அடைவை வெளியே நகலெடுத்துக்கொண்டு புதிதாக நிறுவிவிடுங்கள். அரை மணி நேர வேலை. மறுபடி நிறுவுவதில் எனக்கு விரோதம் இல்லை. எங்கே நின்றது என்று பார்க்காமலும் நகலெடுக்காமலும் நிறுவச் சொல்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று தெரிந்தால், துவக்கி பாதி ஏறிவிட்டது, மீதிக் கோப்புகள் இருந்த பார்ட்டிஷன் காணவில்லை. இரண்டு டிஸ்க் இருந்த பெட்டியில் ஒன்றைக் கழற்றினால் இது வரும். மின்ட்டின் நிறுவிக்கும் பழைய உபுண்டு நிறுவிக்கும் ஒரு பழைய குறை உண்டு: துவக்கியை இரண்டாவது டிஸ்க்கில் வை என்று சொன்னாலும் முதல் டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே எழுதிவிடும். விண்டோஸ் இருந்த டிஸ்க் இனி வேண்டாம் என்று கழற்றினால் லினக்ஸும் சேர்ந்து படுத்துவிடுவது இதனால்தான். லினக்ஸ் டிஸ்க்கில் சிறிய ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் உண்டாக்கி, பிறகு பூட் ரிப்பேர் ஓட்டுங்கள்.

‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் காட்டி நின்றால் கர்னல் ஏறிவிட்டது, லினக்ஸ் இருக்கும் டிஸ்க் அதற்குத் தென்படவில்லை என்று பொருள். முதலில் மேலே சொன்ன ஏஎச்சிஐ விஷயத்தைப் பாருங்கள். டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் இல்லாமலும் போகலாம். டெபியன், உபுண்டு, மின்ட் குடும்பம் தொடக்க நேரத்துக்கு வேண்டிய டிரைவர்களில் பெரும்பாலானவற்றை எப்போதும் கூடவே வைத்திருக்கும், அதனால் வேறு பெட்டிக்கு மாற்றினாலும் சமாளிக்கும். ஃபெடோரா அந்தந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஃபெடோரா டிஸ்க்கை வேறு பெட்டியில் மாட்டினால் க்ரப் மெனுவில் ‘ரெஸ்க்யூ’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள், அதில் எல்லா டிரைவர்களும் உண்டு. எழுந்தபிறகு டிராகட் கட்டளையால் புது இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கிக்கொண்டால் அடுத்த முறை சாதாரணமாகவே எழும்.

கிராஃபிக்ஸ் கார்டு மாற்றியபின் மெனுவரை வந்து, அதற்குப் பிறகு திரை இருண்டால் க்ரப் மெனுவில் ஈ எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீள வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். படம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் எழும். பிறகு பழைய என்விடியா டிரைவரை நீக்கிவிட்டு வந்திருக்கும் கார்டுக்கு ஏற்றதைப் போடலாம். செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால், கையொப்பம் இல்லாத என்விடியா டிரைவர் சத்தமில்லாமல் ஏறாமல் போகும் என்பதும் நினைவிருக்கட்டும். எல்லாம் எழுந்து இணையம் மட்டும் வரவில்லையா? புதுக் கார்டு ஒன்று நுழைந்ததால் நெட்வொர்க் பெயரிலுள்ள எண் மாறியிருக்கும். நிலையான ஐபி எழுதி வைத்தவர்கள் பெயரை மாற்றினால் போதும்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் எந்த மாற்றத்துக்கும் முன்னால் பிட்லாக்கர் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். 48 இலக்கம். பயாஸில் கை வைத்தாலே விண்டோஸ் அதைக் கேட்கலாம். பயாஸ் திரைகளையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால், லோ யாட் பிளாசா வரை போனாலும் சரி, பக்கத்துப் பட்டணத்தில் கொடுத்தாலும் சரி, கோளாறு டிஸ்க்கில் இல்லாதபோது டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுங்கள். சாட்டா டிஸ்க் என்றால் சில திருகுகளும் இரண்டு கேபிள்களும்தான். டிஸ்க்கோடு கொடுக்க நேர்ந்தால் ரசீதில் ‘தரவு தேவை, பார்மட் செய்யக் கூடாது’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நின்றுபோன திரையின் படத்தையும் கடைக்காரர் கைப்பேசிக்கு அனுப்பிவிடுங்கள்.